விநோத உடையில் முதற்பரிசு

வன்னியில், வட்டக்கச்சிப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாகக் குடியிருக்கும் கமலாட்சியை வெறும் கமலாட்சி என்று விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘விநோத உடைக் கமலாட்சி’ என்றால் சின்னப் பிள்ளையும் கை நீட்டி வீட்டைக் காட்டும். எண்பத்தொன்பதாம் ஆண்டிலும் அப்படித்தான். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஒரு பிள்ளை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அறியாத பொடியன்கள்கூட வாய்க்காலில் குளிக்கும்போது அதைச் சொல்லிக் கத்திவிட்டுத் தண்ணீருக்குள் தலையை மறைத்துக்கொள்வார்கள். ஒருத்தியின் பெயரைக் கெடுக்க ஊருக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. அந்தப் பின்னேரத்தின் கதைதான் இது.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டங்களிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டவர்கள் லொறி லொறியாக வன்னிக்கு வந்து இறங்கினார்கள். பத்து வயதுக் கமலாட்சியும் தகப்பன் வீரையாவும் தாய் மீனம்மாவும் அப்படி வந்தவர்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடைக்குள் சட்டி பானையைப் போட்டு, அதைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டபடியே மீனம்மா லொறியிலிருந்து இறங்கினாள். அடுத்த வருடமே வீரையாவை மலேரியா கொண்டுபோனது. காடு வெட்டிப் போட்ட குடிசையில் தாயும் மகளும் மிஞ்சினார்கள். மீனம்மா பக்கத்தில் இருந்த பெரிய மிளகாய்த் தோட்டம் ஒன்றில் கூலிக்குச் சேர்ந்தாள். புருஷனின் பழைய சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விடியப் போனால் பொழுது சாயத்தான் வருவாள்.

அந்தத் தோட்டத்து முதலாளியின் மகள்தான் இராசேஸ்வரி. கமலாட்சியின் வகுப்பு. வகுப்பென்று சொல்வதைவிட, வகுப்பே அவளுடையது என்று சொல்வதுதான் சரி.

இராசேஸ்வரியைச் சுற்றி நாலைந்து பெண்கள் இருந்தார்கள். தங்களை அவர்கள் ‘செட்’ என்று சொல்லிக்கொள்வார்கள். செட்டுக்குச் சட்டம் உண்டு. இராசேஸ்வரி கறுப்பு ரிப்பன் கட்டினால் எல்லோரும் கறுப்பு. அவள் மடித்துக் கட்டிய பின்னலை அவிழ்த்துத் தொங்கவிட்டால், அடுத்த நாள் எல்லோருக்கும் பின்னல் தொங்கும். அவளுக்குக் கணக்கு மாஸ்டரைப் பிடிக்காது என்றால், அந்த மனுசனிடம் நல்ல பெயர் வாங்கி வைத்திருந்த தவமலரும் ஒரே இரவில் அவரை வெறுத்தாக வேண்டும். தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போவதும் சேர்ந்துதான், தாகம் இருக்கிறதோ இல்லையோ. இவ்வளவு கட்டுப்பாட்டைப் பள்ளிக்கூடம் கொண்டுவந்திருந்தால் பிள்ளைகள் மதிலேறிப் பாய்ந்திருப்பார்கள்.

மலையகத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு வகுப்பில் கடைசி வரிசை இருக்கை, பின் வாங்கு. யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை. முன்னால் இருந்தால் அடுத்த பிள்ளை எழும்பிப் போய்விடும், அவ்வளவுதான். அவர்களைப் பற்றிச் செட்டுக்கு எல்லாம் தெரியும். தோட்டக்காட்டார் குளிக்கமாட்டினம். ரொட்டியும் சம்பலும்தான் தின்னுவினம். ஆரைக் கண்டாலும் ‘சாமி, சாமி’ எண்டு கும்பிடுவினம். தலையில் கயிறு மாட்டி மாட்டி அவையளுக்கு மண்டை பள்ளம். இதில் எதையும் செட்டில் ஒருத்தியும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

கமலாட்சியும் பின் வாங்கில்தான் இருந்தாள். பக்கத்தில் சங்கிலியின் மகள் இலட்சுமி. அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கமலாட்சிக்கு ஒரு திறமை இருந்தது. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாள். வன்னிப் பேச்சு, அவள் வந்த வருடமே நாக்கில் ஏறிவிட்டது. ‘ஓம்’ என்பாள், ‘எங்கட’ என்பாள், ‘வாறன்’ என்பாள். பார்க்காமல் கேட்டால் ஊர்ப் பிள்ளையேதான். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், மதிய இடைவேளையில், பாலை மரத்தடியில் இருந்த செட்டுக்கு முன்னால் அவள் ஏதோ ஒரு துணிச்சலில் இடுப்பை வளைத்து, கையைக் கட்டி, “ஐயா சாமி, இன்னிக்கு ஒரு பேரு போட்டுக் குடுங்க சாமி, புள்ளைக்குக் காச்சலுங்க” என்று கங்காணியிடம் கெஞ்சும் பொம்பிளையாக நின்று காட்டினாள். செட் விழுந்து விழுந்து சிரித்தது. இராசேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இங்கால வந்து இரு” என்றாள்.

அந்தக் கெஞ்சல் மீனம்மாவுடையது. மகளுக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள் வேலைக்குப் பிந்திப் போன மீனம்மா, அன்றைய கூலிக்குப் பேர் பதியச் சொல்லி மலையில் கங்காணியிடம் நின்று கெஞ்சியதைக் குழந்தையாக இருந்த கமலாட்சி பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். அன்று அவளுக்கு அழுகை வந்தது. இன்று அதே சொல்லுக்குச் செட்டில் இடம் கிடைத்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு போனாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பிறகு பத்தாம் வகுப்பு வரைக்கும் அவள் செட்டில் இருந்தாள். எப்படி இருந்தாள் என்றால், வாடகைக்கு இருப்பவர்கள் இருக்கிற மாதிரி. ஒவ்வொரு கிழமையும் புதிதாக ஒன்று பேசிக் காட்ட வேண்டும். ரொட்டி கொண்டுவருவதை நிறுத்தினாள். மதியம் பட்டினி கிடந்தாள். பின் வாங்குப் பிள்ளைகளின் பக்கம் திரும்புவதை விட்டாள். இராசேஸ்வரி அடிக்கடி அவள் தோளில் கை போட்டு, “நீ அவையளைப் போல இல்லையடி. நீ எங்கட ஆள்” என்பாள். கமலாட்சி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், படுக்கும்போதும் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள்.

எண்பத்து மூன்று தொடங்கியதும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வந்தது. பிள்ளைகள் இல்லம் இல்லமாகப் பிரிந்து போடும் சோடினை, அணிநடை, அஞ்சல் ஓட்டம், எல்லாம் முடிந்த பிறகு சனம் காத்திருப்பது விநோத உடைக்குத்தான். பிச்சைக்காரன், பைத்தியம் பிடித்த விசரன், குறத்தி, ஐஸ்பழக்காரன் என்று வேஷம் போட்டுக்கொண்டு பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி வருவார்கள். யாருடைய வேஷத்துக்குச் சனம் அதிகம் சிரிக்கிறதோ அவருக்குப் பரிசு. பிச்சைக்காரனும் விசரனும் அதைப் பார்த்து என்ன நினைப்பான் என்று ஒரு மாஸ்டரும் யோசித்ததில்லை.

“இந்த முறை கமலாட்சி போகட்டும்” என்றாள் இராசேஸ்வரி. “கொழுந்து பிடுங்கிற பொம்பிளையா.”

கமலாட்சியின் முகம் மாறியதை அவள் கண்டிருக்க வேண்டும். உடனே, “வைகாசியில எங்கட உழவு மிசினில வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போறம். செட்டுக்கு மட்டுந்தான் இடம். எல்லாரும் ஒரே நிறத்தில பாவாடை தாவணி. அம்மாட்டச் சொல்லி உனக்கும் ஒண்டு தைப்பிக்கிறன். நீ எங்கட ஆள் எல்லே?” என்றாள்.

உழவு மிசின் பின்னால் இழுத்துப் போகும் பெட்டியில், ஒரே நிறத் தாவணியில், இராசேஸ்வரிக்குப் பக்கத்தில். அந்தப் பெட்டியில் ஏறிவிட்டால் பிறகு யாரும் தன்னை இறக்க முடியாது என்று கமலாட்சி நம்பினாள். பதினாறு வயதில் இதைவிடப் பெரிய ஆசை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. “ஓம்” என்றாள்.

கூடை வேண்டும். விறகு பொறுக்க மீனம்மா அதைத்தான் எடுத்துப் போவாள். அன்று பின்னேரம் கமலாட்சி கேட்டபோது, “எதுக்குத் தாயி?” என்றாள்.

“ஸ்கூல்ல தேயிலையைப் பத்திப் பாடம்மா. எப்புடிப் பறிக்கிறதுன்னு காட்டணுமாம்.”

அப்போது மீனம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூடையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அறுந்த கண்ணைத் தைத்து, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கையும் தேடி எடுத்து மடித்துக் கொடுத்தாள். “நம்ம வேலையப் பத்தி ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கிறாங்களா!” என்று இரண்டு மூன்று தரம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

“பாக்க வரலாமா தாயி?”

“இல்லம்மா. பெரியவங்களை உள்ள விடமாட்டாங்க.”

மாசி மாதத்து வெயில். போட்டியன்று வகுப்பறைக்குள் வைத்துச் செட் கமலாட்சிக்கு வேஷம் போட்டது. வாய் நிறைய வெற்றிலை. மூக்குத்தி வரைந்தாயிற்று. இராசேஸ்வரி சட்டிக்கரியை எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டே, “இன்னும் கறுப்பாய் வேணும். இல்லாட்டிச் சனம் நம்பாது” என்றாள். கரிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற தவமலர் கமலாட்சியை விடக் கறுப்பு. அதை அங்கே யாரும் கதைக்கவில்லை. கூடைக் கயிற்றை நெற்றியில் இறுக்கி, கூடையைப் பின்னால் சரிந்து ஆடும்படி விட்டார்கள். அப்படித்தான் நல்ல சிரிப்பு வருமாம்.

கமலாட்சி மைதானத்துக்குள் இறங்கியதும் சனம் சிரிக்கத் தொடங்கியது. அவள் வெட்கத்தைத் துப்பலோடு துப்பிவிட்டாள். கூனினாள், கும்பிட்டாள், “சாமி, சாமி” என்று கூவினாள், இல்லாத கொழுந்தைப் பறித்துக் காற்றில் எறிந்தாள். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்த பொன்னையா மாஸ்டர், “இதோ வருகிறார் தோட்டத்து இராணி!” என்றார். அவர் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்; இடத்து ஆட்களைப் பெரிதாகத் தெரியாது. செட் தங்கள் இல்லக் கொட்டிலடியில் நின்று கை தட்டியது.

அப்போதுதான் கயிற்று வேலியடியில் நின்ற சனத்தை விலக்கிக்கொண்டு மீனம்மா உள்ளே வந்தாள்.

மிளகாய்த் தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தாள். புருஷனின் சட்டை, தலையில் துண்டு, கையில் மிளகாய்க் கறை. மகளைக் கண்டதும் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. சனம் சிரிப்பதுகூட அவளுக்குச் சந்தோஷமாகத்தான் பட்டிருக்கும். நெற்றியில் கயிற்றோடு பிள்ளை தள்ளாடுவது மட்டும்தான் கண்ணில் பட்டது. அப்படி மாட்டினால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஓடிவந்து, தன் தலைத் துண்டை அவிழ்த்து நாலாக மடித்து மகளின் உச்சியில் வைத்து, கயிற்றை அதன்மேல் ஏற்றினாள். “இப்புடித் தாயி. இப்பப் பாரு, வலிக்காது” என்றாள்.

சனம் ஆர்ப்பரித்தது. பொன்னையா மாஸ்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “ஆகா! இன்னொரு போட்டியாளர்! கொழுந்துக்காரி இரண்டு பேர்! இவரின் வேஷம் இன்னும் பிரமாதம்!” என்று முழங்கிவிட்டு, மைக்கை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தார். வந்து பார்த்ததும் அவருக்கே சந்தேகம் வந்தது. வேஷம் போட்டவளுக்கு இவ்வளவு வயது இருக்காதே.

“பிள்ளை, இவ ஆர்? உமக்குத் தெரிஞ்ச ஆளோ?” என்று கமலாட்சியின் வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்தார்.

கமலாட்சி கொட்டிலடியைப் பார்த்தாள். செட் கை தட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. மீனம்மாவின் கை இன்னும் அவள் தலையில் இருந்தது.

“தெரியாது சேர்” என்றாள் கமலாட்சி. “ஆரோ விசர்ப் பொம்பிளை போல.”

அது மைதானம் முழுக்கக் கேட்டது. மீனம்மா கையை எடுத்தாள். மகளின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு மாஸ்டரின் பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டு, “ஆமாங்க ஐயா, எனக்கும் இந்தப் புள்ளையத் தெரியாதுங்க. சும்மா வேடிக்க பாக்க வந்தேனுங்க, மன்னிச்சிருங்க” என்றாள். மைக் இன்னும் கிட்டத்தான் இருந்தது. கமலாட்சி இவ்வளவு நேரமும் பேசிக் காட்டிய அதே பேச்சு, அதே குரல். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தலைத் துண்டைத் திருப்பிக் கேட்காமல் மீனம்மா வந்த வழியே போனாள்.

முதற்பரிசு கமலாட்சிக்கு. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று கொடுத்தார்கள்.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனபோது மீனம்மா அடுப்படியில் இருந்தாள். ஏச்சு விழும் என்று கமலாட்சி காத்திருந்தாள். விழுந்திருந்தால் பிழைத்திருப்பாள். மீனம்மா திரும்பிப் பார்க்காமலே, “நீ வரவேணாமுன்னுதான் சொன்ன. பெரிய வூட்டுப் புள்ளதான் தோட்டத்துக்கு வந்து, ‘உங்கட மகள் ஆடுறா, கட்டாயம் வாங்கோ’ன்னு கூப்புட்டுச்சு. இல்லாட்டி வந்திருக்கமாட்டேன் தாயி” என்றாள். பெற்றவள் மன்னிப்புக் கேட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு மகள் வாயிலிருந்த வெற்றிலைச் சாயம் போக உப்புப் போட்டுக் கொப்பளித்தாள்.

பெரிய வீட்டுப் பிள்ளை என்றால் இராசேஸ்வரி. அவள் எல்லாம் தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறாள். கமலாட்சிக்கு விளங்கியது, ஆனாலும் மனம் ஒரு சமாதானம் தேடியது. பரிசு கிடைத்துவிட்டது, சொன்னபடி செய்தாயிற்று, மிசின் பெட்டியில் இடம் இருக்கும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள்.

செட்டின் வாங்கில் அவளுடைய இடத்தில் தவமலரின் புத்தகப்பை இருந்தது.

“அந்தப் பையை எடன்” என்றாள் கமலாட்சி.

யாரும் அசையவில்லை. இராசேஸ்வரி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். “நேற்று எங்கட அம்மா கேட்டவா. அது மீனம்மாட மகள் எல்லே, பெத்த தாயை விசர்ப் பொம்பிளை எண்டு சொன்னவளோ எண்டு. அப்படிப்பட்டவளோட என்ன கதை எண்டு ஏசினவா.”

“நீர்தானே அம்மாவைக் கூப்பிட்டனீர்?”

“கூப்பிட்டனான். ஓம். தாய் பார்க்கட்டும் எண்டு கூப்பிட்டனான். தாயைத் தெரியாதெண்டு சொல்லச் சொல்லி உனக்கு நான் சொன்னனானோ?” இராசேஸ்வரியின் குரலில் உண்மையான கோபம் இருந்தது, அதுதான் கொடுமை. “தாயையே தெரியாதெண்டவள் நாளைக்கு எங்களையும் தெரியாதெண்டு சொல்லுவாள். என்னதான் எண்டாலும் அவையள் அவையள்தான். இவளை எங்கட ஆள் எண்டு நினைச்சன் பார், எனக்கு வேணும்.”

செட் தலையை ஆட்டியது. எல்லாத் தலையும் ஒரே பக்கம். தாயின் கோலத்தை மகளின் முகத்தில் கரியாகப் பூசி மைதானத்தில் ஓடவிட்ட கைகள், தாய்ப்பாசத்துக்காக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போயின. இந்த மாதிரி நல்லவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் வயிறு எரியும்.

கமலாட்சி பின் வாங்குக்குப் போனாள். இலட்சுமிக்குப் பக்கத்தில் பழைய இடம் காலியாகத்தான் கிடந்தது. அவள் உட்காரப்போகும் நேரம் இலட்சுமி காலை நீட்டி வாங்கின் மேல் வைத்தாள்.

“எங்கம்மா மாதிரி ஒருக்காப் பேசிக் காட்டு” என்றாள் இலட்சுமி. “அப்புறமா ஒக்காரு.”

பக்கத்தில் இருந்த மலையகப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. கமலாட்சி அன்று முழுவதும் யன்னலோரம், உடைந்த மேசை ஒன்றில் தனியே இருந்தாள். மாஸ்டர்மார் வந்தார்கள், படிப்பித்தார்கள், போனார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் வாய்க்கால் ரோட்டால் தனியே நடந்தாள். பின்னால் கொஞ்சத் தூரத்தில் பிள்ளைகள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். எதிரே, அன்று வேலை நேரத்தோடு முடிந்து விறகுக் கூடையோடு மீனம்மா வந்தாள். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆளைக் கண்ட மாதிரி இருந்தது கமலாட்சிக்கு. பின்னால் யார் வந்தால் என்ன? ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும், எல்லோரும் பார்க்கக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று ஓடினாள்.

“அம்மா!”

மீனம்மா அவளையும் பின்னால் வரும் பிள்ளைகளையும் பார்த்தாள். சட்டென்று ரோட்டை விட்டு இறங்கி, முதலாளிமாருக்கு வழி விடுவது போல ஓரத்துப் புல்லில் ஒதுங்கினாள். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு, “போங்க தாயி, போங்க” என்றாள். சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். கமலாட்சி திரும்பிப் பின்னாலேயே ஓடி, “அம்மா, நில்லம்மா!” என்று கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிட மீனம்மா காலை எட்டி எட்டி வைத்தாள். கிட்ட வந்துவிட்ட பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. அவர்கள் மைதானத்தில் விட்ட சிரிப்பை ரோட்டில் தொடர்ந்தார்கள்.

பொழுதுபட்டு, விறகை இறக்கி, ரொட்டி சுட்டு மீனம்மா மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். எதுவும் நடக்காதது போல இருந்தது அவள் முகம்.

“ரோட்டுல கூப்புடக் கூப்புட ஏம்மா திரும்பாமப் போன?”

“பின்னால புள்ளைக வந்துச்சில்ல.”

“வந்தா என்னா?”

“என்னாவா? நீ மைக்குல தெரியாதுன்னு சொல்லிப்புட்ட. இப்ப ரோட்டுல அம்மான்னா, உன்னையப் பொய்க்காரின்னுருவாங்க. அந்தப் புள்ளைக கூட்டு உனக்கு வேணுமில்ல? நான் நல்லா யோசிச்சு வச்சிருக்கேன் தாயி. வீட்டுல நான் உன் அம்மா. வெளிய நீ யாரோ, நான் யாரோ. நாலு நாள் கஷ்டமாத்தான் இருக்கும், அப்புறம் பழகிப்போயிரும்.”

அந்தக் கூட்டு இப்போது இல்லை என்று சொல்லக் கமலாட்சி வாயைத் திறந்தாள். மகளுக்கு நல்ல வழி ஒன்று கண்டுபிடித்துவிட்ட நிம்மதி மீனம்மாவின் முகத்தில் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவளால் சொல்ல முடியவில்லை. மீனம்மா அவளுடைய தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்துவிட்டு, நாளையிலிருந்து தான் வேலைக்குப் போகிற வழியால் வராமல் குளக்கட்டைச் சுற்றிப் பள்ளிக்கூடம் போகச் சொன்னாள்.